பதினைந்தும் நலம்

பகீத்துக்கு ஐம்பத்தேழாவது வயதில் எழுத்து வந்தது. பலருக்கு அந்த வயதில் மூட்டுவலி வரும். அவருக்கு மூட்டுவலி முன்பே வந்துவிட்டதால், மிச்சமிருந்த இடத்தில் எழுத்து வந்து உட்கார்ந்தது.

கரும்பு வெட்டிய கை, செங்கல் சுமந்த தோள். அதற்குப் பிறகு கால்வாய்த் தெருப் பெண்கள் பள்ளியில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து மூன்று மாடியையும் இருபது வருடமாகப் பெருக்கிக்கொண்டிருந்தார். இளைஞர் மன்றத்தில் எழுத்தறிவு வகுப்பு தொடங்கியபோது, அங்கே மின்விசிறி ஓடுகிறது என்று கேள்விப்பட்டுத்தான் போனார். ஒன்பது மாதம் காற்று வாங்கியதில் அரபி எழுத்து இருபத்தெட்டும் உள்ளே போய்விட்டன.

வந்த எழுத்து பேசாமல் இருந்திருக்கலாம். கையெழுத்துப் போடு, கையெழுத்துப் போடு என்று விரலை அரித்தது. சம்பளப் பட்டியலில் போட்டார். மின்கட்டண ரசீதின் முதுகில் போட்டார். எரிவாயு உருளை கொண்டுவந்தவன் கேட்காமலே அவனுடைய சிகரெட் அட்டையில் ஒன்று போட்டுக் கொடுத்தார்.

"நான் விக்கிற கோழி முட்டையில மட்டும் போட்டுறாத," என்றாள் மனைவி ஸனிய்யா. "அப்புறம் யாரும் வாங்க மாட்டாங்க."

இந்த நிலையில்தான் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தது.

பதினைந்து வந்தன. லாரி ஆட்கள் மூன்றாம் மாடிக்குத் தூக்கிப்போய், மேசைமேல் வைத்து, கம்பியெல்லாம் மாட்டி, கம்பெனியிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையை மறுபடி போர்த்தி ஒட்டிவிட்டு இறங்கினார்கள். கூட வந்த எழுத்தர் ஒரு கட்டுத் தாளை நீட்டி, "பொறுப்பு யார்?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் அரசாங்கப் பொருள் எதுவும் அனாதையாக இருக்கக் கூடாது. ஒவ்வொன்றும் ஒரு மனிதர் பெயரில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டவர் அதை வாங்கிய நிலையிலேயே ஒருநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்து, விடுவிப்புத் தாள் வாங்கும்வரை அவருக்கு ஓய்வில்லை. ஓய்வில்லை என்பதை உழைப்பு என்ற பொருளில் சொல்லவில்லை. ஓய்வூதியக் கோப்பையே திறக்க மாட்டார்கள்.

இதை அறிந்திருந்ததால் அன்று காலை ஆசிரியர் அறையில் எல்லாருடைய வலது கைக்கும் ஒரே நேரத்தில் நோய் கண்டது. புவியியல் ஆசிரியைக்கு மணிக்கட்டில் சுளுக்கு. கணக்கு ஆசிரியருக்குக் கண் சரியில்லை. கம்ப்யூட்டர் ஆசிரியர் உஸ்தாத் வஜ்தி கொள்கை அடிப்படையில் மறுத்தார்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும், பொறுப்புத் தெரியாது. நான் வாத்தியார். கிடங்குக்காரன் இல்ல."

தலைமையாசிரியை தவ்ஹீதா இன்னும் ஆழமாக யோசித்திருந்தார். எங்கள் பக்கத்தில் ஆசிரியரை உஸ்தாத் என்றும் ஆசிரியையை அப்லா என்றும் அழைப்பார்கள்; அவர் அப்லா தவ்ஹீதா. "நான் கையெழுத்துப் போட்டேன்னு வைங்க. நாளைக்கு ஒண்ணு உடையுது. யாரு விசாரிக்கறது? நான்தான். யாரை? என்னைத்தான். என்னை நானே அறைக்கு வெளிய நிக்க வெச்சிட்டு உள்ள உக்காந்து கூப்பிட முடியுமா?"

இந்த இடத்தில் பகீத் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார். அறையே திரும்பி அவரைப் பார்த்தது. இருபது வருடத்தில் அந்த அறை அவரைத் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பகீத்து, நீ இப்ப எழுதப் படிக்கத் தெரிஞ்சவன்தான?"

"சான்றிதழ் இருக்கு அப்லா."

"கையெழுத்துப் போடுவியா?"

அவரிடம் யாரும் இதைவிட இனிமையாக ஒன்றைக் கேட்டதில்லை. ஸனிய்யாவின் தகப்பனார், "பொண்ணைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டபோதுகூட அவர் கொஞ்சம் யோசித்தார். இங்கே யோசிக்கவில்லை. தட்டை வைத்தார், கையைச் சட்டையில் துடைத்தார், முப்பத்தொரு இடத்தில் போட்டார். கடைசி ஒன்றில் எழுத்தின் வாலை மேசை விளிம்புவரை இழுத்துவிட்டார்.

உஸ்தாத் வஜ்தி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள் சித்தப்பா. இனிமே நீங்க செத்துப் போறதுன்னாகூட எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். பகீத்தும் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்பது அவருக்குப் புரிய மூன்று வருடம் ஆயிற்று.

பதவி மனிதனை மாற்றும் என்பார்கள். பெருக்குகிறவனை அது எப்படி மாற்றும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் அன்றைக்கு மூன்றாம் மாடிக்கு ஏறியிருக்க வேண்டும். வாங்கிய நிலையிலேயே திருப்பிக் கொடு என்றது சட்டம். வாங்கிய நிலை பிளாஸ்டிக் உறை. ஆகவே உறையைப் பிரிக்கக் கூடாது. உறையைப் பிரிக்கக் கூடாது என்றால் யாரும் உள்ளே போகத் தேவையில்லை. யாரும் போகத் தேவையில்லை என்றால் பூட்டிவிடலாம். இத்தனையையும் பகீத் ஒருவரே, யாருடைய உதவியும் இல்லாமல் சிந்தித்துக் கண்டுபிடித்தார். இரண்டு பூட்டுப் போட்டார். கதவில் தன் கையாலேயே எழுதி ஒட்டினார்: "யாரும் தொடக் கூடாது. எல்லாரும் வெளியே போகவும். பகீத்."

கதவே பூட்டியிருக்க, வெளியே நிற்பவர்களை எங்கே போகச் சொல்கிறார் என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் பெயரைக் குறித்துக்கொண்டார். பெயர் குறிக்கவும் இப்போது அவருக்குத் தெரியும்.

உஸ்தாத் வஜ்திக்கு இதில் வருத்தமே இல்லை. கரும்பலகையில் விசைப்பலகையை வரைந்து பாடம் நடத்தினார். அழகாகத்தான் வரைந்தார். மாணவிகள் சேர்ந்து சொல்வார்கள்: "கணினி என்பது தரவுகளைப் பெற்று, பதப்படுத்தி, வெளியிடும் மின்னணுச் சாதனம்." கீழே மொச்சை விற்கிறவன் வரைக்கும் அது மனப்பாடம். அவித்த மொச்சையை அள்ளி ரொட்டிக்குள் வைக்கும்போது அவனும் சொல்வான், "பெற்று, பதப்படுத்தி, வெளியிடு."

செய்முறைத் தேர்வு வந்தபோது, கம்ப்யூட்டர் படம் வரைந்து பாகங்களைக் குறி என்று வினாத்தாள் வந்தது. வீட்டுப்பாடமாகச் செருப்புப் பெட்டியில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் செய்துவரச் சொன்னார்கள். நாற்பத்திரண்டு அட்டைக் கம்ப்யூட்டர்கள் வந்தன. மாணவிகள் அவற்றில் விரல் வைத்துத் தட்டிப் பழகினார்கள். இரண்டு மாதத்தில் அட்டையில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிற்று. அப்லா தவ்ஹீதா அதைப் பார்த்துக் கவலைப்பட்டு, அட்டைக் கம்ப்யூட்டர்களையும் பகீத்தின் பொறுப்பில் எழுதி வைத்தார். பகீத் நாற்பத்திரண்டு கையெழுத்துப் போட்டார். வால் இல்லாமல், ஆனாலும் போட்டார்.

ஒரு வசந்தகாலப் புழுதிக்காற்றில், ஆய்வகத்து ஜன்னல் இடுக்கு வழியாக மணல் இறங்குவதைக் கண்டு, வீட்டிலிருந்து இரண்டு கம்பளிப் போர்வையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஸனிய்யா வாசல்வரை பின்னாலேயே வந்தாள்.

"எனக்கு இருமல் வந்து மூணு நாளாச்சு. அதுல எதுக்காச்சும் இருமலா?"

"அது அரசாங்கச் சொத்துடி."

"நானும் உன் பொறுப்புலதான இருக்கேன். வாங்கின நிலையில இருக்கேனா, பாரு."

அவர் பார்க்காமலே போய்விட்டார். பார்த்திருந்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டாம் வருடம் மேலிடத்துக்குச் சந்தேகம் வந்தது. கணினிவழிக் கற்பித்தல் பிரிவிலிருந்து உஸ்தாத் ஹில்மி என்ற மேலாய்வாளர் வந்தார். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க, பூட்டிய கதவின் முன் நின்றார். வராந்தா ஓரமாக அட்டைக் கம்ப்யூட்டர்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். பார்த்து மிகவும் நெகிழ்ந்துபோனார். ஆசிரியர்களைக் கூட்டி அங்கேயே பேசினார்.

"ஆய்வகம்னா அது ஒரு அறை இல்ல. அது ஒரு மனநிலை. சில பள்ளிக்கூடத்துல ஆய்வகத்தைத் திறந்து வெச்சிருக்காங்க. என்ன ஆச்சு? பயன்படுத்தினாங்க. பயன்படுத்தினதால பழுதாச்சு. பழுதானதால பயன்படல. ஆகவே தொடர்ந்து பயன்பாட்டுல இருக்கணும்னா முதல் நிபந்தனை என்ன?"

பகீத் முந்திக்கொண்டு, அதிகாரிக்கு உரிய மரியாதையோடு வாயைத் திறந்துவிட்டார். "பயன்படுத்தாம இருக்கணும் பாஷா."

"இவர் யாரு?" என்றார் ஹில்மி. "இவருக்குப் புரிஞ்சிருக்கு."

அன்று முழுக்கப் பகீத்துக்குக் கால் வலிக்கவில்லை.

ஆனாலும் மேலிடத்துக்குப் பயன்பாட்டு விழுக்காடு வேண்டும். தொண்ணூற்று நான்கு என்று அப்லா தவ்ஹீதா முடிவு செய்தார். நூறு என்றால் நம்ப மாட்டார்கள், தொண்ணூற்று நான்கில் ஒரு நேர்மை இருக்கிறது என்றார். அதற்கு ஆதாரமாக ஒரு பதிவேடு திறந்து, தினமும் ஒரு வரி எழுதும் வேலையைப் பொறுப்பாளர் பகீத்திடம் கொடுத்தார். அவரும் ஒவ்வொரு காலையும் பூட்டிய கதவின் எதிரில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவார்: "இன்று ஆய்வகம் பயன்பட்டது. பழுது ஏதும் இல்லை." அந்தப் பதிவேட்டால்தான் அவருடைய கையெழுத்து திருந்தியது. ஐம்பத்தேழு வருடம் காத்திருந்து எழுதக் கற்ற கை, நிறுத்தாமல் எழுதப் பழகிய முதல் முழு வாக்கியம் பொய். அவருக்கு அது பிறகுதான் உறைத்தது. அப்போதைக்கு, வரி நேராக வருகிறதே என்று சந்தோஷமாக இருந்தது.

மூன்றாம் வருடம் உஸ்தாத் வஜ்திக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தது. மூன்றே நாளில் விடுவிப்புத் தாள் வாங்கிக்கொண்டு பறந்தார். வாழ்நாளில் எதிலும் கையெழுத்துப் போடாத மனிதர். அவரைப் பிடித்து வைக்க அரசாங்கத்திடம் ஒரு நூல்கூட இல்லை.

அவர் இடத்துக்கு அப்லா ரபாப் வந்தாள். கல்லூரி முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வந்த முதல் நாளே மூன்றாம் மாடிக்கு ஏறி, கதவில் ஒட்டியிருந்ததைப் படித்தாள்.

"பகீத் சித்தப்பா, சாவி குடுங்க."

"எதுக்கும்மா?"

"பாடம் நடத்த."

"அதுக்குக் கரும்பலகை இருக்கே. உஸ்தாத் வஜ்தி வரைஞ்சது இன்னும் அழியல. நான் அதை மட்டும் விட்டுட்டுத்தான் துடைக்கறேன்."

அவள் அவரையே பார்த்தாள். "சித்தப்பா, நீங்க ஒரு நாளாவது அதைப் போட்டுப் பாத்திருக்கீங்களா?"

"நான் எதுக்குப் போட்டுப் பாக்கணும்? இருக்கான்னு பாத்தாப் போதாதா?"

"எண்ணிப் பாப்பீங்களா?"

"காலைல ஒருதரம், சாயங்காலம் ஒருதரம்."

"எத்தனை இருக்கும்?"

"எப்பவும் பதினஞ்சுதான்," என்றார் பகீத், சிறிது பெருமையோடு.

அவள் சிரிக்காமல் இறங்கிப் போனாள். அவள் சிரிக்காதது அவருக்கு என்னவோ போலிருந்தது.

அந்த வருட முடிவில் அவருக்கு அறுபது. முழங்கால் இரண்டும் படியேறும்போது தனித்தனியாகக் கதறின. இனி முடியாது, போய் வீட்டில் காலை நீட்டி உட்கார வேண்டும், அது ஒன்றுதான் வேண்டும். ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் கோப்பைத் தொடாமலே கேட்டாள்:

"விடுவிப்புத் தாள்?"

"இன்னும் இல்ல."

"அப்போ அதை ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சிட்டு வாங்க. ஒப்படைக்க ஆள் இல்லேன்னா நீங்கதான் காவல்."

"அறுபது முடிஞ்சா சம்பளம் நின்னுருமே தாயி?"

"சம்பளம் நிக்கும். பொறுப்பு நிக்காது." அவள் அன்பாகவே சொன்னாள். "ஆண்கள் பள்ளிக்கூடத்துல ஷஹாத்தா பெரியவரைப் போய்ப் பாருங்க. தையல் மெஷின் பதினொண்ணு அவர் பேர்ல."

பகீத் போய்ப் பார்த்தார். ஷஹாத்தாவுக்கு எழுபத்திரண்டு வயது. பதினொரு தையல் மெஷினுக்கு நடுவில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடமாகச் சம்பளமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. மகன்கள் சோறு கொண்டுவருகிறார்கள்.

"பழகிரும் தம்பி," என்றார் ஷஹாத்தா. "முதல் அஞ்சு வருஷந்தான் கஷ்டம்."

பகீத்துக்கு மகன் கிடையாது. திரும்பி வந்து ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். கைகளின் பழைய நோய்கள் எல்லாம் திரும்ப வந்துவிட்டன. மணிக்கட்டுச் சுளுக்கு இடது கைக்கும் பரவியிருந்தது. கடைசியில் வராந்தாவில் வாளிமேல் உட்கார்ந்திருந்தவரிடம் அப்லா ரபாப் வந்து நின்றாள்.

"நான் போடறேன் சித்தப்பா. கையெழுத்துதான?"

அவளிடம் சொல்ல வேண்டியது அவர் வாய் நிறைய இருந்தது. வாங்கிய நிலை என்றால் என்ன, ஷஹாத்தா யார், கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தால் என்ன ஆகும், எல்லாம். அத்தனையையும் எச்சிலோடு சேர்த்து விழுங்கினார். விழுங்கிவிட்டு, அவள் மனது மாறுவதற்குள் பேனாவைத் தேடினார். நல்லவேளை, எழுத்துப் படித்தவன் பையில் எப்போதும் பேனா இருந்தது.

"இப்ப வேணாம், கமிட்டி வரட்டும்," என்றாள் அவள்.

கமிட்டி பத்து நாளில் வந்தது. தலைவர் அதே உஸ்தாத் ஹில்மி. இப்போது கணினிவழிக் கற்பித்தலிலிருந்து உயர்ந்து பொருள் சரிபார்ப்புக்கு வந்திருந்தார். கூட இரண்டு உறுப்பினர்கள். பகீத் இரண்டு பூட்டையும் திறந்தார். போர்வைகளை மடித்து ஓரமாக வைத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் பதினைந்தும் ஊமையாக உட்கார்ந்திருந்தன.

"உறையைத் தூக்கிப் பாக்கலாமா பாஷா?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். வேலைக்குப் புதியவர்.

"தூக்கினா நிலை மாறிரும்," என்றார் ஹில்மி. "நிலை மாறின பொருளை எப்படி அதே நிலைன்னு எழுதறது? எண்ணு."

எண்ணினார்கள். பதினைந்து. உறைகளையும் எண்ணினார்கள். அதுவும் பதினைந்து. இரண்டும் ஒத்துப்போனதில் எல்லாருக்கும் திருப்தி. அட்டைக் கம்ப்யூட்டர்களில் ஒன்று குறைந்தது. ஓர் உறுப்பினர் கீழே போய் மொச்சை விற்கிறவனிடமிருந்து அதை மீட்டுக்கொண்டுவந்தார். அவன் அதில் உப்பும் சீரகமும் வைத்திருந்தான். ஹில்மி தாளில் எழுதினார்: "பதினைந்தும் நலம். நேரம் பதினொன்றேகால்." மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ரபாப் போட்டாள். கடைசியாகப் பகீத். பெயர் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. அது போதும்.

அப்லா தவ்ஹீதாவின் அறையில் நெய் ரொட்டியும் தேனும் காத்திருந்தன. கமிட்டி இறங்கிப் போயிற்று. விடுவிப்புத் தாளை நான்காக மடித்து உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பகீத்தும் படி இறங்கினார். முழங்கால் கதறவில்லை.

இரண்டாம் மாடியில் இருக்கும்போது மேலே கிழிபடும் சத்தம் கேட்டது. நீளமாக, ஒன்றன் பின் ஒன்றாக, பதினைந்து தரம். அவருக்கு ஒவ்வொன்றும் தன் தோலில் கேட்டது. பிறகு மாணவிகள் திபுதிபுவென்று ஓடிவரும் சத்தம். பிறகு ஒரு சின்ன இசை, சற்றுப் பிசகி இன்னொன்று, இன்னொன்று. இதற்குள் இசை இருந்ததா? மூன்று வருடம் காவல் இருந்தவருக்கு அது தெரியாது.

தரைத் தளத்துக்கு வந்துவிட்டார். கேட்டைத் தாண்ட இருபது காலடி இருக்கும். அப்போது மேலே ஏதோ விழுந்தது. கனமாக, கண்ணாடியோடு.

பகீத் நின்றார். வலது கை தானாகச் சாவியைத் தேடியது. சாவி இல்லை. தாள் இருந்தது. தாளைத் தொட்டுப் பார்த்ததும் மூச்சு வந்தது. விழுந்தது அவருடையதல்ல. மூன்று வருடத்தில் முதல்முறையாக உலகத்தில் ஒரு பொருள் உடைந்திருக்கிறது, அதற்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. இது எவ்வளவு பெரிய சுகம் என்று யாரிடமாவது சொல்லலாம் போலிருந்தது. ஐந்து காலடி நடந்தார்.

மேலே சத்தமே இல்லை. நாற்பத்திரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும் அமைதி. அதைத் தாங்க முடியாமல், தன்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டு, பகீத் திரும்பி மாடி ஏறினார். இப்போது முழங்கால்கள் ஞாபகமாகக் கதறின.

நடந்தது இதுதான். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். மூன்றாமவளுக்கும் தெரியட்டும் என்று ஒருத்தி திரையைத் திருப்பியிருக்கிறாள். கனமான பழைய பெட்டித் திரை, மேசை விளிம்பு தாண்டிக் குப்புற விழுந்துவிட்டது. அவள் சுவரோடு சுவராக நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்லா ரபாப்பின் முகத்தில் ரத்தமே இல்லை. கையில் ஒட்டுநாடா. கிழித்த பிளாஸ்டிக்கைப் பொறுக்கி, பக்கத்துக் கம்ப்யூட்டருக்குப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

"யாரும் தொடக் கூடாது," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "எல்லாரும் வெளிய போங்க."

பகீத் கதவருகில் நின்றுவிட்டார். அந்த வரியை அவருக்குத் தெரியும். அதை எழுதியதே அவர்தான். அவர் அந்த நிலைக்கு வர ஒரு காலை முழுதும் யோசிக்க வேண்டியிருந்தது. படித்த பெண், பத்து நிமிடத்தில் வந்துவிட்டாள்.

படியில் கமிட்டியின் காலடி கேட்டது. தேன் தொட்ட விரலோடு உஸ்தாத் ஹில்மி முன்னால், பின்னால் அப்லா தவ்ஹீதா.

"என்ன சத்தம்?"

ரபாப் வாயைத் திறப்பதற்குள் பகீத் முந்திக்கொண்டார்.

"நான்தான் பாஷா. இது முன்னாலயே உடைஞ்சது. என் பொறுப்புல இருக்கும்போதே. உறைக்குள்ள மறைச்சு வெச்சிருந்தேன். என் பேர்லயே எழுதிக்கங்க." உள்சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். எடுக்கும்போது ஷஹாத்தாவின் வெங்காய வாசனை எங்கிருந்தோ வந்தது.

"சித்தப்பா, என்ன பேசறீங்க," என்றாள் ரபாப்.

"நீ சும்மா இரும்மா."

ஹில்மி தாளைத் தொடவில்லை. பாம்பைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோலக் கேட்டார்.

"பகீத்து, நான் பதினொண்ணேகாலுக்கு என்ன எழுதினேன்?"

"பதினஞ்சும் நலம்னு."

"அப்போ இது உடைஞ்சிருந்ததுன்னா, நான் என்ன? குருடனா?"

"ஐயோ, இல்ல பாஷா."

"இவங்க ரெண்டு பேரும் குருடங்களா?"

உறுப்பினர்கள் தாங்கள் குருடர்கள் இல்லை என்று தலையாட்டினார்கள்.

"மூணு பேர் சேர்ந்து கண்ணால பாத்து, எண்ணி, நலம்னு எழுதின பொருள் அதுக்கு முன்னாலயே உடைஞ்சிருக்க முடியுமா? முடியாது. எழுதின மை காயறதுக்குள்ள உடைஞ்சதுன்னு எழுதினா, நாங்க பாத்த பார்வை என்ன பார்வைன்னு மேல கேப்பாங்க. ஆகவே அப்பவும் உடையல, இப்பவும் உடையல."

"பாஷா, கண்ணாடி தரையில கிடக்குதே."

"பட்டியல்ல கண்ணாடின்னு ஏதாவது இருக்கா?"

உறுப்பினர் பட்டியலைப் புரட்டினார். "இல்ல பாஷா. கம்ப்யூட்டர் பதினஞ்சு, உறை பதினஞ்சு."

"பட்டியல்ல இல்லாத பொருளைப் பத்தி கமிட்டி கருத்துச் சொல்லாது. அது தரை சம்பந்தப்பட்டது. பெருக்கிருங்க." போகத் திரும்பியவர் பகீத்தின் தோளைத் தட்டினார். "ஒரு சாதாரண ஊழியர் மூணு கையெழுத்தைப் பொய்னு சொல்லப் பாத்தீங்களே. எழுதப் படிக்கத் தெரிஞ்சவர்தான நீங்க? உங்க தாளை உள்ள வைங்க. அது செல்லும்."

"அடுத்த கணக்கெடுப்பு எப்ப பாஷா?" என்று ரபாப் கேட்டாள்.

"இன்னும் மூணு வருஷம் கழிச்சு."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் பதினஞ்சும் நலம். அதுல யாரும், நீங்க உள்பட, மாத்துக் கருத்துச் சொல்லக் கூடாது." நெய் ரொட்டி ஆறிவிடும் என்று அப்லா தவ்ஹீதா நினைவூட்டினார். கமிட்டி இறங்கியது.

பிறகு ரபாப் ஒட்டுநாடாவை மேசைமேல் வைத்தாள். போர்த்திய பிளாஸ்டிக்கைத் தானே இழுத்துச் சுருட்டினாள். சுவரோடு நின்றவளைப் பார்த்து, "நகத்தைக் கடிக்காத. அடுத்த கம்ப்யூட்டருக்குப் போ. திரையைத் திருப்பாத, நீ திரும்பு," என்றாள்.

பகீத் கண்ணாடியைப் பெருக்கி அள்ளினார். ஓய்வு பெற்றவர் பெருக்கலாமா என்று பட்டியலில் இல்லை. பெருக்கி முடித்ததும் முழங்கால் மடங்கி, பக்கத்தில் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். எதிரே ஒரு திரை வெளிச்சமாக இருந்தது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் மூன்று வருடம் காத்த பொருள். சுற்றிலும் பார்த்துவிட்டு, யாரும் தடுக்கவில்லை என்று தெரிந்ததும், தன் பெயரின் முதல் எழுத்தைத் தேடினார். கண்டுபிடித்து அழுத்தினார்.

திரையில் எழுத்து வந்தது. பக்கத்திலேயே இன்னொன்று வந்தது. இன்னொன்று. வரிசை நிறைந்து அடுத்த வரிக்குப் போயிற்று, அதுவும் நிறைந்து அடுத்ததற்கு. பகீத் பயந்துபோய் இன்னும் பலமாக அழுத்தினார்.

"எதையோ கெடுத்துட்டேன் போல. நிக்க மாட்டேங்குதே," என்றார்.

பக்கத்து நாற்காலியிலிருந்த மாணவி எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணும் கெடல சித்தப்பா. அழுத்திப் பிடிச்சிட்டே இருக்கீங்க. விரலை எடுங்க."

எடுத்தார். நின்றது.